வலப்பக்கம் சாய்ந்த தலை

கல்லாற்றுப் பாலம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முன்னால் போன வண்டியின் பின்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சிரிப்பு எழுந்தது. எஞ்சின் சத்தம்தான். காலேஜ் காலத்துச் சிநேகிதன் சம்பத் கியரைக் குறைத்து மிதித்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனாலும் தெய்வசிகாமணிக்கு அது சிரிப்பாகத்தான் கேட்டது, ஏனென்றால் அந்த வண்டிக்குள் அவருடைய மனைவி இந்திராணி உட்கார்ந்திருந்தாள், அவள் ஏதோ சொல்லி அவன் சிரித்தானோ, அவன் சொல்லி அவள் சிரித்தாளோ, அதுதான் எஞ்சின் வழியாக வெளியே வருகிறதோ என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடிய கையோடு வெட்கமாகவும் இருந்தது, அறுபத்திரண்டு வயதில், பீளமேட்டில் பம்புசெட் கம்பெனி நடத்துகிறவன் நினைக்கிற நினைப்பா இது, அவள் அவனை அண்ணா என்றுதானே கூப்பிடுகிறாள், கூப்பிடட்டும், அதற்காக அப்படித் துள்ளிக்கொண்டா போய் ஏறுவாள். அரை மணி முன்னால், மேட்டுப்பாளையத்தில் காலை டிபன். பழைய கார் சங்கத்து வண்டிகள் எல்லாம் ஓட்டல் வாசலில் வரிசையாக நிற்கின்றன, கோயமுத்தூரிலிருந்து குன்னூருக்கு வருசா வருசம் போகிற ஊர்வலம். சங்கத்து மலரில் இந்த முறை ஜாகுவாரையும் போர்ஷையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்க, இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த சம்பத்தான் ஆரம்பித்தான், "டேய் சிகாமணி, நீ எழுதுனா உன்ற வண்டியத் தூக்கி வெச்சுத்தான் எழுதுவ. நான் எழுதுனா என்ற வண்டிய. அம்மிணிதான் இருவது வருசமா உன்ற வண்டில உட்காந்து வருது. இன்னிக்கு மலை ஏறி முடியற வரைக்கும் என்றதுல வரட்டும். மேல போயி அம்மிணியே தீர்ப்புச் சொல்லட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். இந்திராணி கைகழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அதுக்கென்னங்ண்ணா, வாரேன்" என்றாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார், தலையைத்தான் ஆட்டியிருப்பார், ஆனால் பார்த்திருக்கலாம்.

சிவப்பு ஜாகுவாரின் நீண்ட முன்பக்கம் அவருக்கு எதிரே ஒரு படகு மூக்கு மாதிரி நீண்டு கிடந்தது, அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் குட்டியாக, குனிந்த முதுகோடு அந்த போர்ஷ். அறுபத்துநாலாம் வருச வண்டி இது. அது அறுபத்தெட்டு. இது இங்கிலீஷ்காரன் வண்டி, ஆறு சிலிண்டரும் முன்னால் ஒரே வரிசையில். அது ஜெர்மன்காரன் வண்டி, ஆறையும் படுக்கவைத்துப் பின்னால் கட்டியிருப்பான், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். "எனக்குத் தண்ணியே வேண்டாம்டா, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்பான் சம்பத். எது அழகு என்று கேட்டால் குழந்தைகூட ஜாகுவாரைத்தான் காட்டும். நிறுத்தின இடத்தில் கூட்டம் கூடும், காலேஜ் பெண்கள் செல்பி எடுப்பார்கள், போலீஸ்காரர்கூட ஒரு முறை வந்து, சார் இது என்ன வண்டி என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். எல்லாம் சரி. ஆனால் எந்தக் கூட்டத்திலும் ஒரு ஆள் இருப்பான், பேசமாட்டான், செல்பி எடுக்கமாட்டான், நேராக ஜாகுவாரைத் தாண்டிப் போய் போர்ஷின் பக்கத்தில் குனிந்து நிற்பான், பெயிண்ட் எங்கெங்கே உதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பான், பார்த்துவிட்டு சம்பத்திடம் மெதுவாக, ஒரிஜினல் பெயிண்டுங்களா என்பான். அந்த ஒரு ஆள் ஏன் தன்னிடம் வருவதில்லை. தன் வண்டிக்கு மூன்று வருசம் உழைத்து, தகரத்தை எல்லாம் பிரித்து, பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கிப் புதுச் சிவப்பு அடித்தது தப்பா. பருத்தித் துணி போர்த்தி, வாரம் ஒரு முறை எடுத்து, மழை வந்தால் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துவது தப்பா. சம்பத் அந்த போர்ஷை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகிறான், கத்தரிக்காயும் கீரையும் வாங்கி முன்னால் இருக்கிற டிக்கியில் போட்டு வருகிறான், மண் அப்படியே கிடக்கும், தட்டக்கூட மாட்டான். காலேஜிலும் இப்படித்தான், இவர் ராத்திரி பகலாக வரைந்து கொண்டுபோய் வைக்கிற டிராயிங்கைப் பார்த்து வாத்தியார் நல்லாயிருக்கு என்பார், அடுத்த மேசையில் சம்பத் பென்சிலில் கிறுக்கியதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடுவார், அந்த நிற்பது இவருக்குக் கிடைத்ததே இல்லை. தலைமயிர்கூட அவனுக்கு இன்னும் அடர்த்தியாக இருக்கிறது.

வெப்பமானி முள் நகர்ந்திருந்தது. முன்னால் எங்கோ ஒரு லாரி திணறிக்கொண்டு ஏற, வரிசை முழுவதும் ஊர்ந்தது, ஊர்ந்து ஏறினால் எந்தப் பழைய வண்டியும் சுடத்தான் செய்யும், அதற்கு வண்டி என்ன பண்ணும். அடுத்த வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டிவிட்டார். முன்பக்கத்தைத் தூக்கித் திறந்துவைத்து, கொதிக்கிற வாசனையை முகர்ந்துகொண்டு நின்றபோது போர்ஷ் நிற்காமல் போய்விட்டது. ஒரு கை மட்டும் வலப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே வந்து அசைந்தது, இந்திராணியின் கை, அது வெளிநாட்டிலிருந்து வந்தபடியே இடப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டி, ஆகையால் கூட வருகிறவர் வலப்பக்கம். கவலையோடு அசைத்தாளா, டாட்டா காட்டினாளா. பாறையில் உட்கார்ந்திருந்த குரங்கொன்று அவரைப் பார்த்துப் பல்லை இளித்தது. இந்த மாதிரி எத்தனை ஓரங்களில் அவளும் அவரும் நின்றிருக்கிறார்கள், அவள் தண்ணீர்க் கேனோடு இறங்குவாள், ஒன்றும் கேட்கமாட்டாள், ஆறும் வரைக்கும் பையிலிருந்து கடலை எடுத்துத் தின்றுகொண்டு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது பொறுமை என்று இத்தனை வருசம் நினைத்திருந்தார். சலிப்பாகவும் இருந்திருக்கலாமே. அங்கே இப்போது நிற்காத வண்டியில் உட்கார்ந்து, அடடா, ஒரு வண்டி இப்படிக்கூடப் போகுமா என்று நினைத்திருப்பாளே. முள் இறங்கியதும் முன்பக்கத்தைச் சாத்தினார், கொஞ்சம் ஓங்கியே சாத்திவிட்டார், உடனே தடவிக்கொடுத்தார்.

பர்லியாற்றை அவர் எட்டியபோது, பழக்கடைகளுக்கு எதிரே நின்றிருந்த போர்ஷ் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. டீ குடித்திருப்பார்கள். ரெண்டு பேரும் நின்று, டம்ளரில் ஆற்றி, பேசிக் குடித்திருப்பார்கள். இவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் ஒரு பஸ் இடையில் புகுந்துவிட்டது, அந்த பஸ் வழிவிடுவதற்குள் மேலிருந்து பனி இறங்கிவிட்டது. வெள்ளையாக, ஈரமாக, மரங்களையும் சுவரையும் தின்றுகொண்டு வந்த பனிக்குள் போர்ஷின் சிவப்பு விளக்குகள் மட்டும் மிதந்தன. பின்கண்ணாடியில் நீர் கோத்து, உள்ளே இரண்டு நிழல்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. முதல் வளைவில் அந்த வண்டி தடுமாறியது. வேண்டிய இடத்தில் கியர் விழவில்லை, ஒரு குலுங்கல், எஞ்சின் கர்ரென்று கத்தி அடங்கியது. ஆகா, என்றார் சிகாமணி, வாய்விட்டே சொன்னார். பேசிக்கொண்டு ஓட்டினால் இப்படித்தான், பக்கத்தில் ஆளை உட்கார்த்திவைத்து வித்தை காட்டினால் இப்படித்தான். அடுத்த வளைவிலும் கொஞ்சம் அகலமாகப் போனான். சிகாமணிக்கு நெஞ்சில் ஏதோ இளகி, ஒரு மாதிரி கருணைகூட வந்தது, வயசாகிறதல்லவா, அவனுக்கும் அறுபத்திரண்டுதானே. ஆனால் அதற்கடுத்த வளைவில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வளைவுக்கு வெகு முன்பே வேகம் குறைந்து, கியர் ஓசையில்லாமல் விழுந்து, வெளி ஓரத்தில் போய், சரியான இடத்தில் உள்ளே திரும்பி, திரும்பும்போதே பின்பக்கம் லேசாக உட்கார்ந்து, ஒரு பூனை சுவர் ஏறுகிற மாதிரி ஏறிப் போனது. பிரேக் விளக்கு எரியவே இல்லை. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சம்பத் இப்படி ஓட்டுகிறவன் இல்லை. அவன் முரட்டு ஓட்டு, கடைசி நிமிசத்தில் பிரேக்கை மிதித்துத் திருகுகிறவன், நாற்பது வருசமாக அவனிடம் குறை சொல்ல ஒன்றாவது இருக்கிறது என்றால் அது இதுதான், வண்டி உன்னிடம், ஓட்டுவது என்னிடம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வார், அதையும் எடுத்துக்கொண்டானா. எங்கே கற்றுக்கொண்டான். யாருக்காக இப்படி ஓட்டுகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்படி ஓட்ட வருகிறதா, தன் பக்கத்தில் இருபது வருசம் உட்கார்ந்திருக்கிறாளே, தனக்கு ஏன் வரவில்லை. நீர் வழிந்த கண்ணாடிக்குள் வலப்பக்கத்து நிழல் மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து, ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டது. அப்படியே இருந்தது. தூங்குகிறாள்.

இந்திராணி தூங்குகிறாள். இந்த ஜாகுவாரில் அவள் ஒரு நாள்கூடக் கண்ணை மூடினதில்லை. மைசூர் போனபோது, மூணாறு போனபோது, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஈரோடு, கரூர் என்று சுற்றினபோது, நிமிர்ந்து உட்கார்ந்து, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாலையையே பார்த்துக்கொண்டு வருவாள். தூங்கேன் என்றால், தூக்கம் வர்லீங்க என்பாள். துணைக்கு முழித்திருக்கிறாள் என்று நினைத்து அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அது பயமா. வாழ்நாளெல்லாம் பயந்துகொண்டா உட்கார்ந்து வந்தாள். அவன் வண்டியில் ஏறி ஒரு மணி நேரம் ஆகவில்லை, டீயைக் குடித்தாள், தலையைச் சாய்த்தாள், தூங்கிவிட்டாள். அவளைச் சிரிக்கவைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாட்டுப் பாடினால்கூடப் பரவாயில்லை. தூங்குவது என்பது என்ன சாதாரணமா, ஒருத்தன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, நீ பார்த்துக்கொள் என்று கண்ணை மூடுவது. தீர்ப்பு வந்தாகிவிட்டது, இனிமேல் மேலே போய் அவள் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எதிரே பாறையை ஒட்டி ஒரு பெரிய இடது வளைவு, போர்ஷ் அதில் ஏறித் திரும்பி, அவர் தலைக்கு மேலே உள்ள சாலையில் எதிர்த்திசையாக வந்தது, காற்று ஒரு பக்கமாக அடித்துப் பனியை விலக்கியது. இடப்பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இந்திராணி உட்கார்ந்திருந்தாள்.

கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர். கையில் அந்த இரண்டு வளையல். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஊசியில் நூல் கோக்கும்போது அப்படித்தான் கடிப்பாள். கீழே அவர் வருவதை அவள் பார்க்கவில்லை, அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வலது வளைவு, அதில் திரும்பியபோது வண்டியின் மறுபக்கம் தெரிந்தது, ஜன்னலில் கன்னம் நசுங்க, வாயைத் திறந்துபோட்டு சம்பத் தூங்கிக்கொண்டிருந்தான். சிகாமணி ஒரு கியரை மறந்துவிட்டார், ஜாகுவார் திணறி நின்றுவிடப் பார்த்தது, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவளா. அந்த வளைவுகளெல்லாம் அவளா. அவள் கார் ஓட்டுவாள், அதில் என்ன, தினம் பொள்ளாச்சித் தோப்புக்குத் தன் சின்ன வண்டியில் போய் வருகிறாள், லாரிகளுக்கு நடுவே, கேரளா பஸ்களுக்கு நடுவே, ஆனால் அது போய்வருவது, இது ஓட்டுவது, ரெண்டும் ஒன்று என்று அவருக்குத் தோன்றினதே இல்லை. அவருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஓட்டினாள், பின் சீட்டில் சுருண்டு கிடந்தவர் கூரையைத்தான் பார்த்தார், அவள் கையைப் பார்க்கவில்லை. ஜாகுவார் தயாராகி வந்த புதிதில் ஒரு முறை, சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, நானும் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா என்று கேட்டாள். கிளட்ச் கடுசு, உனக்குக் கால் வலிக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அவள் சரிங்க என்றாள், பிறகு கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதை இவ்வளவு நாள் கவனிக்கவும் இல்லை. இப்போது சம்பத்தின் மேல் பொறாமைப்படுவதா, அவள் மேலா என்று மனசு இங்கும் அங்கும் ஓடியது. அவள் ஓட்டுகிற ஓட்டு அவருடையதைவிட நன்றாக இருந்தது. இருபது வருசம் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாலையையே பார்த்துக்கொண்டு அவள் செய்துகொண்டிருந்தது பயம் இல்லை. ஒவ்வொரு வளைவையும் அவள் மனசுக்குள் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்க அவன் வரவேண்டியிருந்தது. கண்டுபிடித்தானா, அவன் என்ன கண்டுபிடித்தான், டீயைக் குடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்திருப்பான், கீரைக்கட்டைக் கொடுக்கிற மாதிரி.

குன்னூர் ஓட்டலின் புல்வெளியில் வண்டிகள் நின்றன. அவர் இறங்கும்போது இந்திராணி போர்ஷுக்குப் பக்கத்தில் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது, அந்தச் சிவப்பை அவர் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறார். பாராட்ட வேண்டும் என்றுதான் நினைத்து நடந்தார். வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தப் பாறை வளைவுல மூணாவது கியர்லயே ஏறியிருக்கலாம்."

"பாத்தனுங்க. அதுக்கு முந்துன ஒரு வளைவுல மூணுல வெச்சுப் பாத்தேன், திணறுச்சு. அதான் ரெண்டுக்கு எறக்கிட்டேன்."

சம்பத் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "ஊரு வந்துருச்சா? அம்மிணி, நீங்க ஓட்டுனா ஊட்டிக்கே தூங்கிட்டுப் போலாமுங்க."

"தூங்கிட்டயாடா?" என்றார் சிகாமணி. தெரிந்ததையே கேட்டார். "உன்ற வண்டிய ஒருத்தர் கையில குடுத்துட்டு, மலையில, உனக்குத் தூக்கம் வந்துச்சா?"

"ரெண்டு வளைவு பாத்தேன். மூணாவதுல, சரி, இது நம்மளவிட நல்லா ஓட்டுதுன்னு தெரிஞ்சுது. அப்பறம் எதுக்குடா முழிச்சிருக்கோணும்?"

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருந்தன்மையும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. பெருந்தன்மை காட்டியிருந்தால் வெறுத்திருக்கலாம். செயலாளர் பேப்பரோடு வந்து, "தீர்ப்பு என்னங்க அம்மிணி? ஜாகுவாரா, போர்ஷா?" என்றார். சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

இந்திராணி இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். "இதை நான் ஓட்டியிருக்கேன். அதுல உட்காந்திருக்கேன். ரெண்டையும் எப்படிங்க ஒப்பிடறது?" என்றாள். குத்திச் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் மாதிரி, உள்ளதைச் சொன்னாள்.

சாப்பாட்டில் அவருக்கு ருசி தெரியவில்லை. பிரியாணியைப் பிசைந்துகொண்டு, அவள் சங்கத்துப் பெண்களோடு பேசுவதையும், கை காற்றில் ஒரு வளைவைப் போட்டுக் காட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகல் கோத்தகிரி வழியாக இறங்குவதற்கு எல்லோரும் கிளம்பியபோது சாவியை அவளிடம் நீட்டினார். கை நீண்டுவிட்டது, விரல்கள்தான் கொஞ்ச நேரம் விடவில்லை. அவள் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "வேண்டாமுங்க. ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கிட்டே வருவீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"வாயில சொல்ல மாட்டீங்க."

"தூங்கிர்றேன் போ" என்றார். சின்னப் பையன் வீம்புக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. அவள் சிரிக்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள்.

கிளட்ச் கடினம்தான், முதல் முறை வண்டி துள்ளி நின்றது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூடிக்கொண்டே இருந்தார். தேயிலைத் தோட்டங்கள் பக்கத்தில் போவது வாசனையில் தெரிந்தது, தலையை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடி மண்டையில் தடதடத்தது, சம்பத்துக்கு எப்படித் தடதடக்கவில்லை. தூங்கு, தூங்கு, அவன் தூங்கினானே, மூன்றே வளைவில் தூங்கினானே, நீ அவளோடு முப்பத்தைந்து வருசம் குடும்பம் நடத்தியவன், உனக்கு ஒரு வளைவு போதாதா. எஞ்சின் சத்தம் இறங்கியது, முன்னால் வளைவு வருகிறது, இப்போது குறைக்க வேண்டும், இப்போது, குறைத்துவிட்டாள், அவர் நினைத்ததற்கு ஒரு நொடி முன்பே குறைத்துவிட்டாள், இதோ வெளி ஓரம், இதோ உள்ளே, வண்டி அவரிடம் ஒரு நாளும் போகாத ஒழுங்கில் திரும்பிப் போயிற்று, மூடின கண்ணுக்குள் சுரீரென்று ஏதோ வந்து நின்றது, அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"தூங்கலீங்கல்ல?" என்றாள் இந்திராணி.

அவர் மூச்சை மட்டும் நீளமாக விட்டார், தூங்குகிறவர் விடுகிற மாதிரி.